மடித்து வரைந்த சிப்பி

நான் வரைந்தது பாதிதான். மற்றப் பாதி தானாக வந்தது. சமாதானத்துக்காக இதைச் சொல்லவில்லை, நடந்தது அப்படித்தான்.

எண்பதுகளின் நடுவில் ஷார்ஜாவின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், ஜிப்சத்தில் கூரை அலங்காரம் செய்யும் ஒரு கம்பெனிக்கு டிராப்ட்ஸ்மேனாகப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அருப்புக்கோட்டைப் பக்கம். அப்பா கிணறு வெட்டும் வேலைக்குப் போகிறவர். நான் டிப்ளமோ வாங்கி வந்த அன்று அந்தத் தாளைக் கையில் வாங்கி, "இதுல உன் பேரு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்தத் தாளை நம்பித்தான் நான் எதையும் செய்தேன். பாலிடெக்னிக்கில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது நடுக்கோடு. எந்தப் படமானாலும் முதலில் நடுக்கோட்டைப் போடு, இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவு. அப்படி வராத படம் தப்பான படம். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அப்போது புதிதாக வில்லா கட்டியவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: பிரெஞ்சு. வளைந்த கால் நாற்காலி, தங்கப் பூச்சுச் சட்டம் போட்ட நிலைக்கண்ணாடி, கூரையில் இலையும் சுருளும் சிப்பியும். பட்டறையில் ஜிப்சம் வார்க்கும் பாகிஸ்தானி பாய்மார் அதை 'ஃபூல் பத்தி', பூவும் இலையும், என்பார்கள். எங்கள் என்ஜினியர் லெபனான்காரர். அவர்தான் ஒரு தடவை அதன் சரியான பெயரைச் சொன்னார்: ரொக்கோகோ. எனக்குக் கோழி கேறுவது போலக் கேட்டது. சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அவர் மேஜையில் தடியான ஆங்கிலப் புத்தகம் ஒன்று உண்டு. பக்கத்துக்குப் பக்கம் பழைய அலங்காரப் படங்கள். ஒரு நாள் அதில் ஒன்றை விரலால் தட்டி, "உம் அல் குவைனில் ஒரு வில்லா. வீட்டுக்காரருடைய தாயாரின் அறை. கட்டிலுக்கு நேர் மேலே இது வரவேண்டும், ஆறடி அகலம். யல்லா, ஆரம்பி" என்றார்.

படத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் உறுத்தியது. நடுவில் ஒரு பெரிய சிப்பி, இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் ஒரு பக்கம் சுருள் அலைபோல மேலே எழும்ப, மறுபக்கம் இலைக்கொத்து கீழே சரிந்தது. இங்கே ஐந்து இலை, அங்கே மூன்று. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய படம்; கருவிகள் சரியில்லாத காலம்; எவனோ கை தவறி வரைந்திருக்கிறான் என்று முடிவு செய்தேன். சிப்பியை நிமிர்த்தினேன். வலது பாதி கொஞ்சம் ஒழுங்காக இருந்ததால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுக்கோடு போட்டு, முழு அளவில் பழுப்புத் தாளில் வரைந்தேன். பாதி போதும். எங்கள் பட்டறையில் எல்லாக் கூரைப்பூவுக்கும் அதுதான் வழக்கம். கோட்டின் மேல் ஊசியால் துளை போட்டு, தாளைக் களிமண் பலகையின் மேல் விரித்து, துணியில் கட்டிய கரிப்பொடியைத் தட்டினால் புள்ளிகள் இறங்கும். பிறகு தாளை நடுக்கோட்டில் மடித்துப் புரட்டி மறுபடி தட்டினால் மற்றப் பாதி. ஒரு கை வேலைக்கு இரண்டு கை பலன்.

புள்ளிகளின் மேல் களிமண்ணில் உருவம் பிடித்து, அதிலிருந்து ரப்பர் அச்சு எடுப்பவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஊரில் கோயில் கோபுரங்களுக்குச் சுதைப் பொம்மைகள் செய்தவர். அந்தப் பொம்மைகளின் போட்டோ ஆல்பத்தைக் காட்டித்தான் இந்த வேலையை வாங்கினார்.

தாளைப் புரட்டியவர் அப்படியே நின்றார்.

"தம்பி, புத்தகத்தில சிப்பி ஒருபக்கம் சாஞ்சு கிடந்ததெல்லோ. உம்மட தாளில நிமிந்து நிக்குது."

"அது அவங்க தப்பாப் போட்டுட்டாங்கண்ணே. நான் சரி பண்ணிட்டேன்."

"பிரெஞ்சுக்காரன்ர பிழையை அருப்புக்கோட்டை திருத்துதோ?" சிரித்துக்கொண்டே கரிப்பொடியைத் தட்டினார். "நல்லது. டிப்ளமோ சொன்னா நாங்கள் மறுத்துக் கதைக்கக்கூடாது."

அவர் கேட்டார். நான் பதில் சொன்னேன். இது பிறகு எனக்குப் பல தடவை ஞாபகம் வந்தது.

அந்த வில்லா கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. புது வீட்டின் சுண்ணாம்பு வாடையும் கடல் வாடையும் கலந்து அடிக்கும். வீட்டுக்காரர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் இருந்தவர், சத்தமாகப் பேசாத மனிதர். அவருடைய தாயாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்தப் பக்கத்து வயதான பெண்கள் அணியும் முகமூடியை அவரும் போட்டிருந்தார். கருநீலத் துணி, பொன் போல மின்னும், கண் மட்டும் தெரியும். அவரைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண். நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். நாங்கள் சாரத்தின் மேல் நின்று தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டு, டீ கொண்டுவந்து வைத்தாள்.

"பெரிய மேடத்துக்கு இந்த ரூமே புடிக்கலங்க. முன்னாடி கடலோரத்துல ஓலை வீட்டுல இருந்தவங்க. இவ்வளவு ஒசரத்துல கூரை இருந்தா தூக்கம் எப்படி வரும்னு கேக்குறாங்க. தலைக்கு மேல எதுவும் தொங்கக் கூடாதாம். அதான் வெளக்கு வேணாம்னுட்டாங்க."

ஆகவே நடுவில் சரவிளக்கு இல்லை. நான்கு துண்டுகளாக வார்த்ததைக் கூரையில் பொருத்தி, மூட்டுகளைப் பூசி, வெள்ளையடித்து முடித்தோம். என்ஜினியர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "மும்தாஸ், பிரமாதம்" என்றார். சிப்பி கிரீடம் போல நிமிர்ந்து நின்றது. இலைகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறங்கின. மூலப்படத்தைவிட என்னுடையது நன்றாக இருப்பதாக நான் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை வீட்டுக்காரரே பட்டறைக்கு வந்தார். என்ஜினியரின் கண்ணாடி அறைக்குள் இருவரும் பேசினார்கள். பிறகு அண்ணனையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். மேஜையில் அண்ணனுடைய பழைய ஆல்பம் விரிந்து கிடந்தது. துவாரபாலகர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என் தாயாரின் கட்டிலுக்கு மேல் முகம் ஏன் வைத்தாய்?" என்று வீட்டுக்காரர் அண்ணனைக் கேட்டார். ஆங்கிலத்தில், மெதுவாக.

"என்ன முகம்?" என்றார் அண்ணன்.

"மூன்று வாரமாக என் தாயார் அதோடு பேசிக்கொண்டிருக்கிறார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் போய்ப் படுத்துக்கொள்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால், வர முடியாது, ஆள் இருக்கிறது என்கிறார். நான் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். இருக்கிறது. எங்கள் வீட்டில் தொழுகை நடக்கிறது. அங்கே உருவம் கூடாது என்று உனக்குத் தெரியாதா?"

என்ஜினியர் ஆல்பத்தை மூடினார். "பொம்மை செய்கிறவன். கை சும்மா இருக்கவில்லை" என்றார். "அதை உடைத்துவிட்டு வேறு போடுகிறோம். இவனை ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் அனுப்புகிறேன். கலாஸ், முடிந்தது."

கம்பெனிப் பெட்டியில் இருந்த அண்ணனுடைய பாஸ்போர்ட் அன்றைக்கே மேஜைக்கு வந்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. நான் வரைந்தது சிப்பியும் இலையும்தானே.

வெள்ளிக்கிழமை விடுமுறை. நாங்கள் தங்கும் கேம்ப் ரூமில் அண்ணன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். பகல் பன்னிரண்டு மணி. ஏசி இரைச்சல். மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள்.

"ஊருக்குப் போறதில என்னண்ணே, வேற விசா பார்த்துக்கலாம்" என்றேன், எதையாவது சொல்லவேண்டும் என்று.

"கொழும்பில இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேருவன் எண்டு நினைக்கிறீரோ? வடக்குக்குப் போற பஸ்ஸை ஆமிக்காரர் எத்தினை இடத்தில மறிப்பாங்கள். என்ர வயசில உள்ளவையை இறக்கினா, பிறகு ஏத்துறேல்லை. என்ர தம்பியை அப்பிடித்தான் இறக்கினவை. பஸ் போயிட்டுது. அவன் ரோட்டில நிண்டவன். அவ்வளவுதான் தெரியும்."

இன்னொரு சட்டையை எடுத்தார். மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு அது பெரிசில்லை தம்பி. இது வேற. முகம் செய்யிறவனுக்குக் கண் கடைசி. எல்லாம் முடிஞ்சு, நாள் பார்த்து, விரதம் இருந்துதான் கண் திறக்கிறது. திறக்கேக்க முன்னால ஒருத்தரும் நிக்கக்கூடாது. கண்ணாடியைப் பிடிப்பம். முதல் பார்வை கண்ணாடியில விழவேணும். அதுக்குப் பிறகுதான் அது ஆள். அதுக்கு முன்னால வெறும் மண்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் அங்க கண் திறக்கேல்லை. முகமே செய்யேல்லை. அப்ப ஆர் திறந்தது?"

வேலை போகும், ஊரில் உயிருக்கே ஆபத்து என்ற பயத்தைவிட இந்தப் பயம்தான் அவரிடம் பெரிதாக இருந்தது. தன் கையே தனக்குத் தெரியாமல் செய்துவிட்டதோ என்று இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை என்னை அந்த வில்லாவுக்கு அனுப்பினார்கள். கூரையை உடைத்தால் எவ்வளவு இடம் புதிதாகப் பூசவேண்டும் என்று அளந்து வரவேண்டும். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். உச்சிவெயில். ஜன்னல் திரை வழியாக வெளிச்சம் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது.

"படுத்துப் பாருங்க. நின்னா தெரியாது" என்றாள் தோட்டத்துப் பெண், வாசலிலேயே நின்றுகொண்டு. அவள் உள்ளே வரவில்லை.

கட்டிலில் படுக்கக் கூச்சம். அதன் பக்கத்தில், தரைவிரிப்பில், தலைமாட்டுப் பக்கம் தலை வைத்துப் படுத்தேன். வாசலிலிருந்து பார்ப்பதற்கு இது அப்படியே தலைகீழ்.

முதலில் சிப்பியும் இலையும்தான். பிறகு இல்லை. தலைகீழான சிப்பி தாடியாகிவிட்டது, அதன் வரிகள் மயிர்மயிராகத் தொங்கின. என் அரைவட்டச் சுருள்கள் இரண்டும் புருவம். அவற்றுக்குக் கீழே சுருள் உள்வாங்கிய இடத்தில் இரண்டு பள்ளம், அதில் நிழல். நடுக்கோட்டில் இரண்டு பக்கத்திலிருந்தும் வளைந்து வந்து ஒட்டிய தண்டுகள் மூக்கு. எதையோ வைத்து இறுக்கியது போல ஒடுங்கிய மூக்கு. இலை நுனிகள் சந்தித்த இடத்தில் வாய், பாதி திறந்து. அது என்னைத்தான் பார்த்தது. நான் தலையை நகர்த்தினேன். அப்போதும்.

எழுந்திருக்கப் பார்த்தேன். எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது, முகமூடி போட்ட அந்தத் தாயார் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஏதோ சொன்னார். கோபமாக இல்லை. விருந்தாளிக்கு வீட்டு மனிதரை அறிமுகம் செய்கிற குரல்.

வாசலிலிருந்து அந்தப் பெண் தமிழில் சொன்னாள். "அவங்க புருஷனாம். முத்துக் குளிக்கப் போறவராம். இந்த வீட்டு மொதலாளி இவங்க வயித்துல இருக்கையில ஒரு நாள் கடல்ல எறங்கினவரு ஏறல. கயிறு மட்டும் வந்துச்சாம். எறங்கும்போது மூக்குல கிளிப்பு மாதிரி ஒண்ணு மாட்டிக்குவாங்களாம். மூக்கப் பாருங்க, அதேதாங்கறாங்க."

தாயார் மேலும் பேசினார். அவள் தயங்கினாள்.

"இங்க படுத்தா, படகுல இருந்து தண்ணிக்குள்ள குனிஞ்சு பாக்குற மாதிரி இருக்குதாம். அவரு கீழ இருந்து ஏறி வந்துக்கிட்டே இருக்காராம். முகம் தெரிஞ்சிருச்சாம். இன்னும் கொஞ்சந்தானாம்."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. கூரை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று ஒரு கணம் தெரியவில்லை. விழுந்துவிடுவேன் என்று கையைத் தூக்கினேன். கை என் கண்ணுக்கும் கூரைக்கும் நடுவில் வந்து, படத்தின் ஒரு பாதியை மறைத்தது.

முகம் போய்விட்டது. பாதிச் சிப்பி, ஐந்து இலை, ஒரு சுருள். என் பென்சில் கோடு. எனக்குத் தெரிந்த வளைவுகள்.

கையை எடுத்தேன். முகம் வந்தது. மறுபடி மறைத்தேன். போனது. இடது பாதியில் இல்லை, வலது பாதியிலும் இல்லை. அது மடிப்பில் இருந்தது.

ஷார்ஜா திரும்பும் வழி முழுக்க பிக்கப்பின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சொல்லிவிடுவது என்றும் சொல்லக்கூடாது என்றும் மாறி மாறி நினைத்தேன். அன்று சொல்லவில்லை. அண்ணன் பெட்டியைக் கயிற்றால் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு என் கட்டிலில் படுத்திருந்தேன். எங்கள் வீட்டில் ஒருவன் படித்து, கடல் தாண்டி வந்து, அவன் வரைந்ததே தப்பு என்று திருப்பி அனுப்பினார்கள் என்றால் அப்பா அந்தத் தாளில் எந்த இடத்தில் விரலை வைப்பார் என்று யோசித்தேன். இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. ஒருவருக்கு உயிர் போகிற விஷயம். எனக்கு ஒரு தாள்.

விடிந்ததும் கேம்ப் குளியலறையில் மாட்டியிருந்த சவரக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

என்ஜினியர் முதலில் காது கொடுக்கவில்லை. வரைந்தது நான்தான் என்றேன். "உன் தாளில் முகம் இல்லையே. நானே கையெழுத்துப் போட்ட தாள்" என்றார். அந்தப் பழுப்புத் தாளை மேஜையில் தலைகீழாக விரித்தேன். பாதிப் படம், யார் பார்த்தாலும் இலைதான். நடுக்கோட்டின் மேல் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினேன்.

முகம் மேஜையிலிருந்து எழுந்தது. பாதி தாளில், பாதி கண்ணாடிக்குள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தனக்கு மட்டும் கேட்கும்படி அரபியில் ஏதோ சொன்னார். எனக்கு அண்ணன் சொன்னது அப்போதுதான் உறைத்தது: முதல் பார்வை கண்ணாடியில் விழவேண்டும். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்து வரவழைத்தார்கள். அவருக்கும் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் தானே எடுத்து நிறுத்தினார், எடுத்தார், நிறுத்தினார். "யாரும் வைக்கவில்லை" என்றார் கடைசியில். அது கேள்வியா என்று தெரியவில்லை. "இருந்தாலும் என் தாயார் பார்க்கிறார். எடுத்துவிடுங்கள்."

அவர் போன பிறகு என்ஜினியர் என் பாஸ்போர்ட்டையும் எடுத்து அண்ணனுடையதன் பக்கத்தில் வைத்தார். "டிக்கெட்டைத் தள்ளிப்போடுகிறேன். புதியதை மாட்டிய பிறகு அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். மறுபடி முகம் தெரிகிறது என்றால் இரண்டும் ஒன்றாகப் போகும்."

அண்ணனிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. பெட்டியைக் கட்டிய கயிற்றை அவிழ்க்கவுமில்லை.

"அப்ப நீர்தான் திறந்தனீர்" என்றார். "நாளும் பாராமல்."

படங்களுக்காக மட்டுமே புரட்டிய புத்தகத்தை நான் எழுத்துக்காகப் பிரித்தது அந்த வாரம்தான். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். ரொக்கோகோ என்ற பெயரே கல்லும் சிப்பியும் பதிக்கும் வேலைக்கான சொல்லிலிருந்து வந்ததாம். பணக்காரர்கள் தோட்டத்தில் பொய்க் குகை கட்டி, தண்ணீர் கசியவிட்டு, சுவரெல்லாம் சிப்பி பதித்து, கடலடியில் இருப்பது போல உள்ளே உட்கார்ந்திருப்பார்களாம். அந்தச் சிப்பிதான் பிறகு குகையை விட்டு வீட்டுக்குள் நுழைந்தது. கண்ணாடிச் சட்டத்தில் ஏறியது, நாற்காலி முதுகில் ஏறியது, கடைசியில் கூரைக்குப் போனது. நேர்கோடு என்பதே வீட்டில் இல்லாமல் ஆனது. ஒரு தலைமுறை கழித்து அதைப் பார்க்க வெட்கப்பட்டு மறுபடி நேரான தூண்களுக்குப் போனார்கள். போன சிப்பி நூறு வருடத்தில் திரும்பியது, இந்தத் தடவை கையால் இல்லாமல் அச்சால். பிறகு கெய்ரோ தச்சர்களின் தங்கப்பூச்சு நாற்காலிகளோடு இந்தப் பக்கமும் வந்து சேர்ந்தது. சிப்பி தேடிக் கடலில் இறங்கியவர்களின் ஊருக்கு.

இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் இருப்பதே அந்தப் பாணியின் லட்சணம் என்றும் எழுதியிருந்தது. நான் திருத்திய அந்தப் படத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில். படத்தின் மேல் நான் போட்டிருந்த பென்சில் கோட்டின் கறைகூட அந்த வரியின் மேல் லேசாக ஒட்டியிருந்தது. ஒருவேளை அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கலாம், இலையையும் சிப்பியையும் நடுக்கோட்டில் மடித்தால் அந்தக் கோட்டில் ஆள் வந்து நிற்பான் என்று. இது என் ஊகம். புத்தகத்தில் இல்லை.

புதியதை மடிக்காமல் வரைந்தேன். மூலத்தில் இருந்தபடியே, சாய்ந்த சிப்பி, இங்கே ஐந்து இலை, அங்கே மூன்று. நடுக்கோடு போடாத தாளில் கை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றது. வரைந்த பிறகு நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அண்ணன் களிமண்ணில் பிடிக்கும்போது பள்ளம் எதுவும் ஆழமாக இல்லாதபடி பார்த்துக்கொண்டார். பழைய அச்சை அவரே கத்தியால் நடுவாக அறுத்தார். ஆனால் அறுப்பதற்கு முன்பே அந்த அச்சில் இன்னும் இரண்டு வார்த்து அனுப்பியிருந்தார்கள் என்று ஒரு பாய் சொன்னார். ஒன்று அஜ்மானில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு. இன்னொன்று லாரியில் ஓமானின் சோஹாருக்கு. அங்கே எந்த அறையில், யார் தலைக்கு மேல் என்று யாருக்கும் தெரியவில்லை.

பழையதை உடைத்து இறக்கியபோது தாயாரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். சுத்தியல் சத்தம் கேட்டும் அவர் எழுந்து வரவில்லை. துண்டுகளைத் துணியில் கட்டி எடுத்துப்போகும்போது மட்டும் எட்டிப் பார்த்தார். துணிக்குள் வெறும் வெள்ளை இலைகள்.

புதியதை மாட்டி, காய்ந்து, வெள்ளையடித்து முடித்தது ஒரு மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு. சாரத்தைப் பிரித்துவிட்டோம். வீட்டுக்காரரும் என்ஜினியரும் கீழே கூடத்தில் காத்திருந்தார்கள். மேலே அறையில் அண்ணனும் நானும் சுவரோரம் நின்றோம். தோட்டத்துப் பெண் தாயாரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கட்டிலில் படுக்க வைத்தாள்.

அவர் பார்த்தார். முகமூடிக்குள் கண் மட்டும் மெதுவாக நகர்ந்தது. கூரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, யாரையோ தேடுவது போல. பிறகு ஓரிடத்தில் நின்றது. ஏதோ சொன்னார்.

அந்தப் பெண் எங்களிடம் திரும்பவில்லை. அவளும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அண்ணன்.

"திரும்பிட்டாராம்" என்றாள். "முகத்தத் திருப்பிக்கிட்டாராம். காதும் தாடியும் ஒரு பக்கமாத் தெரியுதாம். மறுபடியும் கீழ போறாராம்."

நான் நிமிரவில்லை. அண்ணனும் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

கீழேயிருந்து என்ஜினியர் கூப்பிட்டார். நான் மாடிப்படியின் தலைப்பில் போய் நின்றேன். வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னையே பார்த்தார்.

"என் தாயார் என்ன சொன்னார்?"

"பிடித்திருக்கிறதாம்" என்றேன். "ஒன்றும் தெரியவில்லையாம். பூ மட்டும்தானாம்."

எனக்குப் பின்னால் அறைக்குள்ளிருந்து தாயாரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. தாழ்ந்த குரல், முதுகைக் காட்டிக்கொண்டு போகிற ஒருவரை மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி, திரும்பத் திரும்ப. வீட்டுக்காரர் தலையைச் சற்றுச் சாய்த்தார். கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் வந்து அறைக்கதவை மூடினாள். வீட்டுக்காரர் என்ஜினியரைப் பார்த்து, சரி என்பது போலக் கையை அசைத்தார்.